காண்ட்டும் வள்ளுவரும் ஒரு வேலைச் சான்றிதழும்

ஜெர்மனியில் ஒரு நிறுவனத்தை விட்டு விலகும் ஊழியர் கையில் ஒன்றிரண்டு பக்கத்துக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தனுப்புவார்கள். ‘தம்மிடம் ஒப்படைத்த பணிகளை எங்களுக்கு முழு மனநிறைவு தரும் வகையில் செய்து முடித்தார்’ என்று அதில் ஒரு வரி இருக்கும். சென்னையில் ஜெர்மன் படித்து, பி2 தேர்வில் தேறி, ஷ்டுட்கார்ட்டில் சில வருடம் உழைத்த ஒரு பொறியாளர் இதைப் படித்தால் குளிர்ந்துபோவார். முழு மனநிறைவுக்கு மேல் வேறு என்ன வேண்டும்?

ஆனால் அடுத்த நிறுவனத்தின் மனிதவள அதிகாரி அந்த வரியைப் பார்த்ததும் போடுகிற மதிப்பெண் 3. ஜெர்மன் பள்ளிக் கணக்கில் 1 என்றால் மிக நன்று, 6 என்றால் படுதோல்வி. 3 என்பது ‘பரவாயில்லை’ ரகம். அதே வரியில் ‘எப்போதும்’ என்று ஒரு சொல் சேர்ந்தால் 2. ‘எப்போதும் மிக முழுமையான மனநிறைவு’ என்று வந்தால்தான் 1. முழுமைக்கு மேல் முழுமை ஏது என்று இலக்கணம் அறிந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனாலும் அந்தப் பிழையான வடிவம்தான் முதல் மதிப்பெண்ணுக்கு உரியது. ‘முழு’ விழுந்து, வெறும் ‘மனநிறைவு’ நின்றால் 4. ‘பணிகளைச் செய்ய முயன்றார்’ என்று எழுதியிருந்தால் ஆள் தேறவில்லை என்று பொருள்.

முகத்துக்கு நேரே பேசுகிறவர்கள் என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கியவர்கள் ஜெர்மானியர்கள். அவர்கள் நாட்டில் ஒருவரின் பிழைப்பையே தீர்மானிக்கும் தாள் மட்டும் ஏன் பரிபாஷையில் எழுதப்படுகிறது? இதற்கு விடை தேடிப் போனால், மனிதவளத் துறையின் படிகளைத் தாண்டி ஒரு பழைய கேள்விக்கு வந்து நிற்க நேரிடும். ஒருவரின் வாழ்வு நம் சொல்லில் தொங்கும்போது, அவரைக் காக்க உண்மையை வளைக்கலாமா?

கூடவே கூடாது என்று சொன்னவர்களில் மிகக் கறாரானவர் ஒரு ஜெர்மானியர். கோனிக்ஸ்பெர்க் நகரத்துச் சேணத் தொழிலாளியின் மகன், இமானுவேல் காண்ட். 1797-ல், தம் 73-ஆம் வயதில், பிரெஞ்சு அரசியல் சிந்தனையாளர் பெஞ்சமின் கான்ஸ்டான்டுக்கு மறுப்பாக ஒரு சிறு கட்டுரை எழுதினார். கொலைகாரன் ஒருவன் கதவைத் தட்டுகிறான். அவன் துரத்தி வந்த உங்கள் நண்பர் உங்கள் வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறார். ‘உள்ளே இருக்கிறானா?’ என்று கேட்கிறான். உண்மையைக் கேட்க உரிமை உள்ளவனுக்கு மட்டும் உண்மை சொன்னால் போதும் என்பது கான்ஸ்டான்டின் கட்சி. கொலைகாரனிடமும் பொய் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை என்றார் காண்ட். நீங்கள் ‘இல்லை’ என்று பொய் சொல்ல, நண்பர் உங்களுக்கே தெரியாமல் பின்வாசல் வழியாக நழுவியிருக்க, திரும்பிப் போகும் கொலைகாரன் அவரைத் தெருவில் பார்த்துக் கொன்றால் அந்தப் பழி உங்களைச் சேரும் என்பது அவர் வாதம்.

அன்று முதல் இன்று வரை மாணவர்களைத் திகைக்க வைக்கும் கட்டுரை அது. ஆனால் காண்ட்டை வெறும் முரட்டு உண்மைவாதி என்று ஒதுக்கிவிட முடியாது. 1766-ல் மோசஸ் மெண்டல்ஸோனுக்கு எழுதிய கடிதத்தில், தாம் உறுதியாக நம்பும் பலவற்றைச் சொல்லத் தமக்கு ஒருபோதும் துணிவு வராது, ஆனால் நம்பாத எதையும் ஒருபோதும் சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டவர் அவர். பேசியதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும். உண்மையையெல்லாம் பேசியாக வேண்டும் என்பதில்லை. இந்த இடைவெளியில்தான் பின்னாளில் சான்றிதழ் எழுதுகிறவர்கள் குடியேறினார்கள்.

காண்ட்டுக்கும் வியாபாரிகளுக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. அவருடைய உற்ற நண்பர் ஜோசப் கிரீன் என்ற ஆங்கிலேய வணிகர். காண்ட் தம் சேமிப்பைப் போட்டு வைத்ததும் அவர் நிறுவனத்தில்தான். காண்ட்டின் மாணவரும் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதியவருமான யாக்மன் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார். காலை 8 மணிக்கு வண்டியில் உலா போவதாக இருவரும் பேசி வைத்திருந்தார்கள். கிரீன் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் நடந்தார். நேரம் நெருங்க நெருங்கத் தொப்பி, கைத்தடி என்று ஒவ்வொன்றாக எடுத்தார். எட்டு அடிக்கத் தொடங்கியதும் வண்டியில் ஏறிப் புறப்பட்டுவிட்டார். இரண்டு நிமிடம் தாமதமாக எதிரே வந்த காண்ட் கை காட்டியும் வண்டி நிற்கவில்லை. பேச்சு பேச்சுதான். ஜெர்மன் ஒழுங்குக்கு உலகம் காட்டும் உதாரணமான காண்ட்டுக்கே கடிகாரப் பாடம் நடத்தியவர் ஓர் ஆங்கிலேயர் என்றால், ‘ஜெர்மானியர் ரத்தத்திலேயே ஊறியது’ என்ற பேச்சை யாரும் சற்று நிதானமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். குறித்த நேரம் கொடுத்த வாக்கு. கொடுத்த வாக்கு கடன். இது இனத்தின் குணம் என்பதைவிட வணிகரின் ஒழுக்கம்.

1785-ல் வந்த ஒழுக்கவியல் நூலில் காண்ட் ஒரு கடைக்காரரைக் கொண்டு வந்து நிறுத்துகிறார். விவரம் தெரியாத குழந்தை வந்து கேட்டாலும் எல்லாருக்கும் சொல்லும் அதே விலையைச் சொல்கிறார் கடைக்காரர். நல்லதுதான். ஆனால் கடையின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தால் அது லாபக் கணக்கு. கடமை என்பதற்காகச் செய்தால் மட்டுமே அறம் என்கிறார். இந்தக் கடைக்காரரின் மனத்தைத் திறந்து பார்க்க எந்தத் தணிக்கையாளராலும் முடியாது என்பதுதான் சிக்கல்.

காண்ட்டுக்கு முன்பே அந்த மண்ணில் இன்னொரு குரல் இருந்தது. 1529-ல் மார்ட்டின் லூதர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தைப் பல தலைமுறை ஜெர்மன் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு அதைத் தமிழிலும் தந்தார். தமிழ் லுத்தரன் சபைகளில் அது இன்றும் புழங்குகிறது. பொய்ச்சாட்சியைத் தடுக்கும் எட்டாம் கட்டளைக்கு அதில் லூதர் தரும் விளக்கம் பொய்யைத் தடுப்பதோடு நிற்பதில்லை. அயலானைப் பற்றி அவதூறு சொல்லாதே என்பதோடு, அவனுக்காகப் பரிந்து பேசு, அவனைப் பற்றி நல்லதைச் சொல், அவன் செய்ததையெல்லாம் நல்லவிதமாகவே எடுத்துக்கொள் என்றும் பணிக்கிறது. காண்ட் வளர்ந்ததும் லுத்தரன் பக்தி இயக்கத்தைச் சேர்ந்த குடும்பத்தில்தான். அந்த வீட்டுப் பிள்ளைதான் பின்னாளில் கொலைகாரனிடமும் பொய் கூடாது என்றார்.

ஆக, ஒரே மரபுக்குள் இரண்டு கட்டளைகள். பொய் சொல்லாதே, அயலானைப் பற்றி நல்லது சொல். அயலான் நல்லபடி வேலை செய்யாதபோது என்ன செய்வது?

மதமே சான்றிதழாக இருந்த இடமும் உண்டு. சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் 1904-ல் அமெரிக்கப் பயணத்தின்போது வட கரோலினாவில் மவுண்ட் ஏரி என்ற ஊரில் தம் உறவினர்களைப் பார்க்கப் போனார். அங்கே குளிர்ந்த குளத்து நீரில் ஒருவருக்கு பாப்டிஸ்ட் சபையார் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ‘அவன் வங்கி தொடங்கப் போகிறான், அதற்குத்தான்’ என்று உறவினர் விளக்கினார். சபை ஒருவரைச் சேர்ப்பதற்கு முன் அவர் நடத்தையைக் கடுமையாக விசாரிக்கும். சேர்த்துக்கொண்டால் அவர் நம்பத்தக்கவர் என்பது ஊருக்கே அறிவித்த மாதிரி. பிறகு பணம் தானாக வரும். முதலாளியத்துக்கும் புராட்டஸ்டண்ட் அறத்துக்கும் உறவு தேடிய வெபருக்கு இந்தக் குளக்கரைக் காட்சி பெரிய சாட்சியாகிவிட்டது. சபை செய்த வேலையை இன்றைய ஜெர்மனியில் மனிதவளத் துறை செய்கிறது. இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: இந்த ஆளை நம்பலாமா?

சான்றிதழ் விஷயத்தில் ஜெர்மன் நீதிமன்றங்கள் பல்லாண்டாகச் சொல்லிவரும் விதி, லூதரையும் காண்ட்டையும் ஒரே வண்டியில் பூட்டியது போல் இருக்கிறது. சான்றிதழ் உண்மையாக இருக்க வேண்டும். ஊழியரின் எதிர்காலத்தைத் தேவையின்றிக் கெடுக்காத நல்லெண்ணமும் அதில் இருக்க வேண்டும். உண்மையை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1979-ல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு சாட்சி. தான் கொடுத்த நற்சான்றிதழ் அடியோடு தவறு, ஆள் கையாடல் செய்தவர் என்று பின்னால் தெரியவந்தும், அவரை நம்பி வேலைக்கு வைத்திருக்கும் புதிய முதலாளியை எச்சரிக்காமல் இருந்துவிட்டால், அங்கே நேரும் நஷ்டத்துக்குப் பழைய முதலாளி பொறுப்பு. நல்லெண்ணத்தை விட்டால் ஊழியரே வழக்குப் போடுவார். எழுதுகிறவருக்கு இரண்டு பக்கமும் இடி. பரிபாஷை பிறந்தது இந்த இடுக்கில்தான்.

தொழில் ஒழுங்குச் சட்டத்தின் 109-ஆம் பிரிவு இதைத் தடுக்கத்தான் பார்க்கிறது. சான்றிதழ் தெளிவாகவும் புரியும்படியும் இருக்க வேண்டும். மேலுக்குத் தெரிவதற்கு மாறான பொருளை மறைத்துச் சொல்லும் அடையாளமோ வாசகமோ இருக்கக் கூடாது. சட்டம் இப்படிச் சொல்ல, மதிப்பெண் ஏணியோ நீதிமன்றத்துக்கே பழகிப்போய்விட்டது. 2014-ல் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்புப் பணியில் இருந்த பெண்ணின் வழக்கு கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு வந்தது. ‘முழு மனநிறைவு’ என்று எழுதியிருந்தார்கள்; ‘எப்போதும்’ என்பதையும் சேர்க்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. பெரும்பாலான சான்றிதழ்கள் ‘நன்று’, ‘மிக நன்று’ என்றுதான் இருக்கின்றன என்ற ஆய்வுகளும் பேசப்பட்டன. நடுவில் இருப்பது 3 தான்; அதற்கு மேல் வேண்டுமென்றால் அதற்குத் தக்க வேலை செய்ததை ஊழியர்தான் எடுத்துக்காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு சொல்லுக்காக நாட்டின் உச்சத் தொழிலாளர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்றால் அந்தச் சொல்லின் எடையை யாரும் ஊகித்துக்கொள்ளலாம்.

எழுதாமல் விட்டதும் பேசும். பணம் புழங்கும் வேலையில் இருந்தவரின் நேர்மை பற்றி ஒரு வார்த்தை இல்லையென்றால் படிக்கிறவர் புருவம் உயர்த்துவார். ஒரு தொழிலில் வழக்கமாகக் குறிப்பிடும் தகுதியைக் காரணமின்றி விட்டுவிட்டால் அதைச் சேர்க்கச் சொல்ல ஊழியருக்கு உரிமை உண்டு என்று 2008-ல் ஒரு நாளிதழ்ச் செய்தியாளர் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது.

கடைசி வரி இன்னும் வேடிக்கை. ‘இத்தனை நாள் உழைப்புக்கு நன்றி, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்’ என்று முடிப்பது வழக்கம். ஒரு கட்டுமானப் பொருள் அங்காடியின் மேலாளர், தமக்கு வாழ்த்து மட்டும் எழுதி நன்றி எழுதவில்லை என்று வழக்குப் போட்டார். முதலாளியின் மன உணர்ச்சியைச் சட்டம் போட்டு வாங்க முடியாது என்று 2012-ல் தீர்ப்பு வந்தது. அந்த முடிப்பு பிடிக்காவிட்டால் அது இல்லாத சான்றிதழைக் கேட்கலாம், அவ்வளவுதான். ஆனால் 2023-ல் இன்னொரு தீர்ப்பு: ஒருமுறை எழுதிய நன்றியை, ஊழியர் வேறு திருத்தம் கேட்டார் என்ற கோபத்தில் பிடுங்கிக்கொள்ளவும் கூடாது.

காண்ட் இதையும் விட்டு வைக்கவில்லை என்பதுதான் வியப்பு. கொலைகாரன் கட்டுரை வந்த அதே 1797-ல் வெளியான ஒழுக்க மீமெய்யியல் நூலில், பொய் பற்றிய பகுதியின் முடிவில் சில கேள்விகளை மட்டும் எழுப்பி, தீர்ப்புச் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார். கடிதத்தின் அடியில் ‘தங்கள் பணிவான ஊழியன்’ என்று மரியாதைக்குப் போடுவது பொய்யா? அதை நம்பி யாரும் ஏமாறுவதில்லையே. ஓர் எழுத்தாளர் ‘என் நூல் எப்படி?’ என்று கேட்கிறார். பதில் சொல்லக் கொஞ்சம் தயங்கினாலே அவர் மனம் புண்படும். அவர் எதிர்பார்க்கும் பதிலைச் சொல்லிவிடலாமா? எல்லாவற்றுக்கும் விடை வைத்திருந்த மனிதர் இங்கே கேள்விக்குறியோடு நிறுத்திக்கொண்டது தற்செயல் ஆகாது.

நேருக்கு நேர் பேசும்போது ஜெர்மன் அலுவலகத்தில் இந்தத் தயக்கம் காணாமல் போகும். வடிவமைப்புப் பரிசீலனைக் கூட்டம் ஒன்றைக் கற்பனை செய்யலாம். சென்னையிலிருந்து போன பொறியாளர் வரைபடத்தைத் திரையில் காட்டுகிறார். எதிரே இருப்பவர், ‘இந்த வெல்டிங் இங்கே தாங்காது. கணக்கு எங்கே?’ என்கிறார். ‘நல்ல முயற்சி, ஆனாலும்...’ என்ற முன்னுரை கிடையாது. பகல் 12 மணிக்கு நடைகூடத்தில் அதே மனிதர் ‘மால்ட்ஸைட்’ என்று சாப்பாட்டு வாழ்த்துச் சொல்லி, உணவகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். காலையில் அடிபட்டது வெல்டிங், ஆள் இல்லை. நம் ஊர் அலுவலகத்தில் முடியாது என்பதற்கு ‘பார்க்கலாம் சார்’ என்று ஒரு நயமான வடிவம் உண்டு. சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் அதன் பொருள் தெரியும். ஜெர்மன் கூட்டத்தில் அது அப்படியே குறிப்பேட்டில் ஏறும்: யார் பார்ப்பார், எந்தத் தேதிக்குள். அடுத்த வாரம் அந்தத் தேதி வந்து நிற்கும்.

சொல்லுக்குப் பொறுப்புக் கேட்கும் இந்த வழக்கம் ஜெர்மன் மொழியிலேயே உண்டு; அதைப் படிக்கும் தமிழருக்கு அதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. பிறர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது, அதன் உண்மைக்குத் தான் பொறுப்பில்லை என்று காட்ட ஜெர்மன் வினைச்சொல் தனி வடிவம் எடுக்கும். செய்தித்தாள்களில் அது பக்கத்துக்குப் பக்கம் வரும். ஆங்கில வழியாக ஜெர்மன் படிப்பவர்கள் இங்கே திணறுவார்கள். தமிழருக்கோ ‘அமைச்சருக்கு உடம்பு சரியில்லையாம்’ என்று சொல்லிப் பழகிய வாய். யார் சொல்லுக்கு யார் பொறுப்பு என்பதை இரண்டு மொழிகளுமே வினைமுற்றில் வைத்துக் காட்டுகின்றன.

முகத்துக்கு நேரே பேசுவதையும் வாய்மையையும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது. 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அம்பலப்படுத்திய ஃபோக்ஸ்வாகன் விவகாரம் அதற்குப் பாடம். சோதனை மேடையில் நிற்கிறோம் என்பதைக் கண்டுகொண்டு அங்கே மட்டும் புகையைச் சுத்தமாக விடும் மென்பொருள் உலகம் முழுக்கச் சுமார் 1.1 கோடி கார்களில் இருந்தது. சாலையில் சில கார்கள் கக்கிய நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப் போல 40 மடங்கு வரை இருந்தது. அங்கே பொய் சொன்னது வாய் அல்ல, இயந்திரம். கணக்கு எங்கே என்று கேட்கும் கலாசாரத்தில்தான் அந்தக் கணக்கும் எழுதப்பட்டது.

இனி வள்ளுவர். காண்ட்டுக்கு நேர் எதிர் என்று அவரைக் காட்டுவது வழக்கம். வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறள், குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கிறது. கொலைகாரன் கதவைத் தட்டினால் குறள் படித்தவர் தயங்காமல் ‘இங்கே யாரும் வரவில்லை’ என்று சொல்லிவிடுவார். 1856-ல் லைப்சிக் மிஷன் தலைவர் கார்ல் கிரவுல் குறளை ஜெர்மனில் கொண்டுவந்தார். காண்ட் மறைந்து அரை நூற்றாண்டு கழிந்திருந்தது. ஜெர்மன் வாசகருக்கு இருவரையும் சேர்த்துப் படிக்கும் வாய்ப்புக் கிடைத்தது.

இளகிய மனக்காரர் வள்ளுவர், இறுகிய மனக்காரர் காண்ட் என்று இதை முடித்துவிடுவது எளிது. சான்றிதழை இருவர் முன்னும் வைத்தால் நடப்பது வேறு. ‘முழு மனநிறைவு’ என்ற வரியில் காண்ட்டின் அளவுகோலால் பெரிதாகக் குறை காண முடியாது. எழுதியது எதுவும் பொய்யில்லை. மற்றதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். மரபு அறிந்தவர் யாரும் ஏமாறுவதில்லை. வள்ளுவரின் அளவுகோல் சொல்லைப் பார்ப்பதில்லை, விளைவைப் பார்க்கிறது. அதிகாரத்தின் முதல் குறள் வாய்மைக்கு வைக்கும் இலக்கணமே, யாருக்கும் எந்தத் தீங்கும் இல்லாத சொல் என்பதுதான். அப்படிப் பார்த்தால் மரபு அறியாதவர் ஒருவர் இருக்கிறாரே. சிரியாவிலிருந்து வந்த மின்பணியாளர், கேரளத்திலிருந்து வந்த செவிலியர், சென்னைப் பொறியாளர். பாராட்டு என்று நம்பி அந்தத் தாளை ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் இணைத்து அனுப்புகிறவர் அவர். ஏன் யாரும் கூப்பிடவில்லை என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது. பரிபாஷை காப்பாற்றுவது அதைப் படிக்கத் தெரிந்தவரை. பலி வாங்குவது படிக்கத் தெரியாதவரை. நன்மையில் குற்றம் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையில் அது தோற்றுவிடுகிறது. பொய்க்குச் சலுகை கொடுத்தவர் என்று பெயரெடுத்த வள்ளுவரின் சோதனைதான் இங்கே கடுமையானது.

சட்டம் தன் 109-ஆம் பிரிவைத் தானே நம்பியிருந்தால், மதிப்பெண்ணை மதிப்பெண்ணாகவே எழுதச் சொல்லியிருக்க வேண்டும். 3 என்று எழுதினால் மனம் வருந்தும், ஆனால் புரியும். அதுவரை, ஜெர்மனியில் வேலை பார்ப்பவர்கள் செய்துகொள்ள வேண்டியவை சில உண்டு. விலகும்போது வேலையின் தன்மையையும் காலத்தையும் மட்டும் சொல்லும் எளிய சான்றிதழோடு நிற்காமல், பணித்திறனையும் நடத்தையையும் மதிப்பிடும் விரிவான சான்றிதழைக் கேளுங்கள். கேட்டால் தந்தாக வேண்டும். நல்ல மேலாளர் மாறிப் போகிறார் என்றால் அப்போதே ஓர் இடைக்காலச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். கையில் வந்ததும் மொழி தெரிந்த ஒருவரிடம், முடிந்தால் தொழிற்சங்கத்திலோ தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடமோ, வரிவரியாகக் காட்டுங்கள். திருத்தம் வேண்டுமென்றால் உடனே எழுத்தில் கேளுங்கள். வேலை ஒப்பந்தங்களில் இதற்குக் குறுகிய காலக்கெடு போட்டிருப்பது உண்டு.